ஜன்னலோர ஜெனரேட்டர்

மழையில் நனைந்தால் கெட்டுவிடுமே என்று ஜெனரேட்டரை வீட்டுக்குள் இழுத்து வைத்தது நான்தான் இன்ஸ்பெக்டர் மேடம். முதல் தடவை அது சத்தியமாகக் கைப்பிசகு. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது தடவைக்கு அப்புறம் வருவோம்.

மன்னார்குடிக்கு இந்தப் பக்கம் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் சவுண்ட் சர்வீஸ் வீரையனைத்தான் கூப்பிடுவார்கள். குழாய் ஸ்பீக்கர் கட்டுவேன், சீரியல் லைட் போடுவேன், மைக்கைப் பிடித்துக் கொஞ்சம் கோமாளித்தனமும் பண்ணுவேன். பந்தியே சிரிக்கும். வீட்டுக்கு வந்தால் சிரிக்க ஆள் கிடையாது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே பெண் மாலதியைப் பேராவூரணியில் தென்னந்தோப்புக்காரர் வீட்டில் கொடுத்திருக்கிறேன். என் ஜோக்கைக் கேட்கச் சுவரில் ஒரு பல்லி உண்டு. அதுவும் பாதியில் எழுந்து போய்விடும்.

ஐப்பசியில் மாலதி வந்திருந்தாள். வயிற்றில் ஆறு மாதம். அடைமழை, கரண்ட் இல்லை. ஜெனரேட்டரோடு பாதி ஆயுள் குடித்தனம் பண்ணியவன் நான். ஆனால் எல்லாம் அறுவடை முடிந்த வயலில், திறந்த பந்தலில். கதவு சாத்திய வீட்டில் அதன் புகை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. கொல்லைக் கதவுக்கு உள்பக்கம் வைத்து ஓட்டினேன். கொஞ்ச நேரத்தில் அவளுக்குத் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, வாந்தி. எனக்கும் கால் தள்ளாடியது.

"உப்புமாவுல என்னப்பா போட்டீங்க?"

"பாசம்தான்மா. கொஞ்சம் தூக்கலாயிடுச்சு."

வாசலுக்கு வந்து காற்றில் நின்றதும் தெளிந்தது. இருந்தாலும் பிள்ளைத்தாய்ச்சி ஆயிற்றே என்று டாக்டர் அஃப்ரீனிடம் கூட்டிப்போனேன். அவர் நாடியைப் பார்ப்பதற்குள், "ஜெனரேட்டர் எங்க ஓடுச்சு?" என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"கார்பன் மோனாக்சைடுங்க ஐயா. வாசனை கிடையாது, கண்ணுக்குத் தெரியாது. ரத்தத்துல ஆக்சிஜன் உக்கார வேண்டிய இடத்துல இது போய் உக்காந்துக்கும். தூங்கறவங்க அப்படியே போயிடுவாங்க. அம்மாவைவிட வயித்துல இருக்கற குழந்தைக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி."

கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் நான் தலையாட்டினேன்.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் பயணம் வேண்டாம், படுத்திருக்கட்டும் என்றார். மாப்பிள்ளை மதிவாணனும் போனில், "அங்கேயே ரெஸ்ட் எடுக்கட்டும் மாமா" என்றார். அந்த ஒரு வாரம் இருக்கிறதே மேடம், நான் மிளகு ரசம் வைப்பேன், அவள் என் தோளில் சாய்ந்து குடிப்பாள். வீட்டில் இரண்டு தட்டு கழுவினேன். கழுவும்போது பாட்டு வந்தது.

கார்த்திகையில் வளைகாப்பு. வளையல் அடுக்கியதும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். தாய் இல்லாத வீட்டில் யார் பார்ப்பார்கள்? பிரசவம் பேராவூரணியிலேயே என்று சம்பந்தி வீட்டில் முடிவு பண்ணினார்கள். சாங்கியத்துக்கு நாலு நாள் மட்டும் அனுப்பினார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நானும், "அப்பாடா, எனக்கு ரசம் மிச்சம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

நாலாம் நாள் மத்தியானம், பையைக் கட்டி வைத்துவிட்டு மாலதி கொஞ்சம் கண்ணயர்ந்தாள். சாயங்காலம் கார் வரும். தூறல். கரண்ட் போயிற்று. ஜெனரேட்டரைப் போட்டேன். இந்தத் தடவை வீட்டுக்குள் வைக்கவில்லை. பட்ட பாடு போதாதா? வெளியேதான் வைத்தேன். அவள் அறை ஜன்னலுக்குக் கீழே. ஜன்னல் திறந்திருந்தது. அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தேன், சத்தத்தில் தூக்கம் கெட வேண்டாமே என்று.

லேசாக ஒரு தலைவலி. அதற்கு மேல் நான் ஆசைப்படவில்லை. டாக்டர் இன்னொரு வாரம் படுக்கச் சொல்வார், அவ்வளவுதான். உப்புப் போடுகிற மாதிரி அளவாகப் போடலாம் என்று இருந்தேன். சமையலிலேயே எனக்கு அந்த அளவு வராது என்பது அப்போது தோன்றவில்லை.

வாசலில் ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவை, "அப்பா" என்று கூப்பிட்டாள். காதில் விழுந்தது. இன்னும் கொஞ்சம் ஆகட்டும் என்று இருந்துவிட்டேன்.

கரண்ட் போயிற்று என்றேன் அல்லவா? தெருவில் எல்லா வீட்டிலும் டிவி ஓடிக்கொண்டிருந்தது. மெயின் சுவிட்சை அணைத்தது நான்.

மாப்பிள்ளைதான் வந்து அறைக்கதவைத் திறந்தார். அவள் முழங்காலில் தவழ்ந்து கதவுவரை வந்து விழுந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள், மாலதி பிழைத்துக்கொண்டாள். குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. அழவில்லை.

எல்லோரும் விபத்து என்றார்கள். மாப்பிள்ளை என் தோளில் சாய்ந்து, "நீங்க என்ன மாமா பண்ணுவீங்க, பாவம்" என்று அழுதார். டாக்டர் அஃப்ரீன் எட்டிப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது ஜோக் சொல்லித் தப்பித்திருப்பேன்.

இது எல்லாவற்றுக்கும் அவள் மேல் உள்ள பிரியம்தான் காரணம் என்று இன்று காலைவரை நினைத்துக்கொண்டிருந்தேன். மெயின் சுவிட்ச் விஷயம் அவளுக்கு இன்னும் தெரியாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இன்று காலை, அவள் பேராவூரணிக்குப் புறப்படுமுன், கட்டிலோரம் அவளோடு தனியாக உட்கார்ந்திருந்தேன். அவளிடம் நான் சிரிக்காமல் பேசிய முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

"ஏம்மா, நாலு நாளோட போகாதே, பிரசவம் முடியறவரைக்கும் அப்பாகூட இருன்னு நான் சொல்லியிருந்தா?"

பின்னாலேயே ஜோக் வரும் என்று நினைத்தாளோ என்னவோ, என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வரவில்லை என்றதும் சொன்னாள்.

"இருந்திருப்பேன்ப்பா. எங்க மாமியார்கூட, உங்கப்பா வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டா உன்னை அங்கயே விட்டுடறேன்னுதான் சொன்னாங்க. நீங்க கேக்கவே இல்லையே."