முதல்ல நீ குத்திக்கம்மா

இல்ல சிஸ்டர், அவன் வரல. ரெண்டு கோடு விழுந்திருக்கு. இதுக்கு மருந்து உண்டா இல்லையா, அதை மட்டும் முதல்ல சொல்லிடுங்க. பதட்டமெல்லாம் இல்ல. சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்.

என் சின்னவன் இந்தக் காலேஜ்லதான் மூணாவது வருஷம். லீவுக்கு வந்தவன் அழுக்குத் துணி மூட்டையத் தூக்கி என் தலைல கட்டிட்டான். உதறினா, பேன்ட்டுக்குள்ளேருந்து இந்த டப்பா விழுது. மூணு பெத்தவளுக்குத் தெரியாதா, கோடு பாக்குற குச்சி? எந்தப் பொண்ணுடா, எத்தனை மாசம்டான்னு கரண்டியோட போய் நின்னேன். எருமை, உருண்டு உருண்டு சிரிக்குது. அம்மா, இது பாப்பா பாக்குறதில்ல, பால்வினை நோய் பாக்குறதுங்கறான். நீங்கதான் இந்த ரூம் வாசல்ல கூடைல வச்சிருக்கீங்களாமே, மிட்டாய் மாதிரி. ஹாஸ்டல்ல ஆளாளுக்கு அள்ளிட்டுப் போறானுங்களாம். பரீட்சைல கோட்டை விட்டவனெல்லாம் இதுல பாஸாகி பார்ட்டி வைக்கிறானாம்! நான் போய் சாமி படத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பி வச்சேன். அதுக்கும் காது இருக்கில்ல?

அப்ப நீ ஏன்டா இன்னும் பாக்கலன்னேன். மூஞ்சி தொங்கிப் போச்சு. விரல்ல ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் விடணுமாம். பொண்ணோட ஊர் சுத்தத் தைரியம் இருக்கு, ஊசின்னா ஐயாவுக்கு மயக்கம் வருது. சின்ன வயசுலேருந்தே இப்படித்தான் சிஸ்டர். கசப்பு மருந்துன்னா முதல் மூடி நான் குடிச்சுக் காட்டணும், அப்பதான் வாயத் திறப்பான். இப்ப மீசை வந்தும் அதே பாட்டு. முதல்ல நீ குத்திக்கம்மா. டப்பால ரெண்டு செட்டு இருந்துச்சு. தொலையுதுன்னு குத்திக்கிட்டேன். வலிக்கவே இல்லடான்னு பல்லக் காட்டிட்டு, அவன் கையப் பிடிச்சு இழுத்து அவனுக்கும் ஒண்ணு. தலகாணிக்குள்ள மூஞ்சியப் புதைச்சுக்கிட்டு, நீயே பாத்துச் சொல்லும்மா, பயமா இருக்குன்னான்.

பாத்தேன். ஒண்ணுல ஒரு கோடு. இன்னொண்ணுல ரெண்டு.

அவன எதுக்குக் கூட்டிட்டு வரச் சொல்றீங்க? அவனுக்கு ஒத்தக் கோடுதான். உனக்கு ஒண்ணுமில்லடா, எழுந்து குளின்னு முதுகுல ஒண்ணு வச்சுட்டு, ரெண்டு குச்சியையும் பைக்குள்ள போட்டுக்கிட்டேன்.

ஆமா. ரெண்டு கோடு என்னோடது.

மறுபடி ரத்தம் எடுத்துப் பாக்கணுமா? எடுங்க, எனக்குத்தான் பழகிடுச்சே. ஊசியிலயே சரியாயிடுமா? அப்பாடா. சாமி படத்தை நேரா திருப்பி வச்சிடலாம்.

எனக்கு வேற யாரு சிஸ்டர்? கழுத்தை நீட்டின நாள்லேருந்து அவர் ஒருத்தர்தான். அதோ, வெளிய பெஞ்சுல பேப்பர் படிக்கிறார் பாருங்க, அவரேதான். பையன் படிக்கிற இடத்தைப் பாத்துட்டு வரலாம்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். ஊசின்னா அவருக்கும் ஆகாது.

உள்ள கூப்பிடுங்க. இந்தத் தடவை முதல்ல அவர் குத்திக்கட்டும்.