கோட்டின் நடுவே ஒரு மேடு

"கோடு நேரா இருந்துன்னு எனக்கு மார்க்க வெட்டிட்டாவ மக்கா."

நாகர்கோவிலிலிருந்து கருங்கல் போகும் பேருந்தில், முன் இருக்கையிலிருந்து இந்தக் குரல் வந்தது. கட்டடக்கலை முதலாண்டுப் பெண். மடியில் சுருட்டிய வரைதாள். பக்கத்தில் நர்சிங் படிக்கும் தோழி.

"நேரா இருந்தா நல்லதுதானே ஏட்டி?"

"ஸ்கேலத் தொடாம வெறுங்கையால போடணும். ஒரு ஷீட்டுல நூறு கோடு. நாலாவதுலயே எனக்குக் கை ஆடிச்சு. அந்த ஷீட்டக் கிழிச்சுட்டு, வேற ஷீட்டுல ஸ்கேல வச்சே போட்டுட்டேன். இப்ப நாளைக்கு நூறையும் திரும்பப் போட்டு வைக்கணும், இல்லேன்னா பெயிலு."

"ஸ்கேலு வச்சது மேடத்துக்கு எப்பிடித் தெரிஞ்சு?"

"ஒரு கோட்டுக்கு நடுவுல மட்டும் சின்னதா ஒரு மேடு. ஸ்கேல அமுக்கிப் பிடிச்ச வெரலு வெளிய நீட்டிட்டு இருந்திருக்கு. பென்சிலு அதச் சுத்திப் போயிருக்கு. எனக்கே தெரியல்ல பாத்துக்கோ."

தோழி தாளை வாங்கி விரித்தாள். நானும் பின்னாலிருந்து கழுத்தை நீட்டினேன். தொண்ணூற்றொன்பது கோடுகள் கம்பிபோல நின்றன. மிச்சமிருந்த ஒன்றில், கடுகளவு மேட்டைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். வட்டத்துக்குப் பக்கத்தில் '1' என்று போட்டிருந்தது.

"களவு பிடிபட்ட இடத்துக்குப் போயி எதுக்கு ஒரு மார்க்கு?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'இந்த ஷீட்டுல உன் கை வரஞ்சது அது ஒண்ணுதான்'னு சொன்னாவ."