தோல்வியே காணாத கட்டைவிரல்

— மனித வரலாற்றை ரெண்டாப் பிரிக்கலாம். அந்த வீடியோ கேம் பெட்டி கடைக்கு வர்றதுக்கு முன்னாடி, வந்ததுக்கு அப்புறம். பேச்சை இப்படி ஆரம்பிக்கட்டுமா?

— முதல்ல கையைத் தூக்குங்க. அக்குள்ல தையல் விட்டிருக்கு.

— முப்பது வருஷம் கழிச்சு அந்தப் பெட்டிக்கு விழா எடுக்கிறாங்க. அன்னிக்கு நான் ஆடினதை எழுதி அனுப்பினேன், தலைமை விருந்தினரே உன் புருஷன். நீ என்னடான்னா தையலைப் பார்க்கிற.

— பேசிட்டு மட்டும் இறங்கி வந்துடுங்களேன்.

— அது எப்படி? மேடையில விளையாடிக் காட்டணுமாம். பெரிய திரையெல்லாம் கட்டியாச்சு.

— அதனாலதான் சொல்றேன். விரல் சுளுக்கிக்கிச்சுன்னு சொல்லிடுங்க.

— இந்தக் கட்டைவிரலா? பெட்டி வெளியான அன்னிக்கு நீதானே அந்தக் கடையில விற்பனைப் பொண்ணு? கூட்டமே என்னைச் சுத்தி நின்னு பார்த்துச்சே. திரும்பத் திரும்ப ஆடினேன், ஒரு தடவைகூடத் தோக்கல.

— தோக்கல.

— ஒவ்வொரு தடவையும் அதே பள்ளம், அதே தாவல். இம்மி பிசகல.

— அது பிசகாதுங்க.

— நடுவுல வேர்வையைத் துடைக்கக் கன்ட்ரோலரைக் கீழே வெச்சேன். அப்பவும் அந்தப் பொம்மை தானாத் தாவிச்சு. என் கை வேகம் அதுக்குள்ள அந்த அளவுக்கு ஊறிப்போயிருந்துச்சு.

— அதுக்கப்புறம் ஒரு நாளாவது விளையாடினீங்களா?

— உச்சத்துல இருக்கும்போதே ஓய்வு எடுத்தவன் நான்.

— என்னங்க, கொஞ்சம் உட்காருங்க. பெட்டியைக் கண்ணாடி அலமாரிக்குள்ள வெச்சுப் பூட்டியிருந்தோம். திரையில ஓடினது விளம்பரத்துக்காக அது தானே ஆடிக் காட்டுற ஆட்டம்.

— என்ன உளர்ற? கன்ட்ரோலர் என் கையில இருந்துச்சு. வயரும் இருந்துச்சு.

— வயரோட மறுமுனை மேசைக் கால்ல கட்டியிருந்துச்சு. யாரும் தூக்கிட்டுப் போயிடக் கூடாதுன்னு முதலாளி சொன்னார், நான்தான் கட்டினேன்.

— அப்போ நீ எதுக்குக் கை தட்டின? அதை நம்பித்தானே உங்க வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வந்தேன்.

— யார் அதைக் கையில எடுத்தாலும் தட்டணும்னு உத்தரவு. வேலைன்னா செய்ய வேண்டாமா?

— இத்தனை வருஷம் ஏன் வாயைத் திறக்கல?

— வீட்டுக்குள்ளதானே பெருமை அடிச்சுக்கிட்டு இருந்தீங்க. மேடை ஏறுவீங்கன்னு கண்டேனா?

— எந்த விரல் சுளுக்குன்னு சொல்லலாம்?

— ரெண்டு கட்டைவிரலும்னு சொல்லுங்க. எதுக்கு வம்பு.

— சரி. அன்னிக்குக் கடையில வேற யாருக்கும் இது தெரியாதில்ல?

— வந்தவங்க எல்லாரும் ரெண்டு தடவை அமுக்கிட்டு, குனிஞ்சு மேசைக் காலைப் பார்த்தாங்க. பார்த்த பிறகுதான் உங்களைச் சுத்திக் கூட்டம் கூடிச்சு.