மாடியிலிருந்து அனுப்பிய கட்டளை

மாடியில் ஆன்டெனா வைத்த பிறகு எங்களுக்கு வடகம் காயப்போட இடமில்லாமல் போய்விட்டது. அதற்காக நான் ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. நீடாமங்கலத்தில் எங்கள் வீட்டைச் சுற்றி வயல்தான். வானத்தை மறைக்க ஒன்றும் கிடையாது. பொழுதுபோக்காக வானொலி அலையில் பேசுவதற்கான ஹாம் ரேடியோ உரிமமும் என்னிடம் இருந்தது. என் மகள் ரோஸ்லின் தன் கல்லூரி மாணவர்களோடு சேர்ந்து செய்த செயற்கைக்கோளுடன் பேச நம் மாடியே போதும் என்றபோது பெருமையாகத்தான் இருந்தது.

பெரிதாக நினைக்காதீர்கள், ஒரு பிஸ்கட் டின் அளவுதான். எங்கோ ஒரு நட்சத்திரம் வெடித்துச் சாகும்போது கிளம்பும் காமா கதிரை அது பிடிக்க வேண்டும். பிரேசில் பக்கத்து வானில் கதிர்வீச்சு அதிகம். அதைக் கடக்கும்போது கருவிக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கருவி கெட்டுவிடும். கட்டளைகளை எழுதிவைத்துவிட்டு ரோஸ்லின் வகுப்புக்குப் போவாள். செயற்கைக்கோள் எங்கள் தலைக்கு மேல் வரும்போது நான் அனுப்புவேன்.

ஜெர்மனியில் ஓர் ஆய்வகம் அவளைக் கூப்பிட்டிருந்தது. ஒரே ஒரு வெடிப்பைப் பதிவு செய்து காட்டினால் வேலை உறுதி.

“நீங்களும் வந்துடுங்கப்பா,” என்றாள்.

“உங்கம்மாவ விட்டுட்டா?”

மரியபுஷ்பம் கல்லறையில் இருக்கிறாள். அவளை விட்டு நான் எப்படிப் போவேன், என்னை விட்டு இவள் எப்படிப் போவாள்? ரோஸ்லின் அதையெல்லாம் யோசிக்கவில்லை. அவளுக்கும் சேர்த்து நான் யோசித்தேன்.

மின்சாரத்தை நிறுத்தும் கட்டளையை மட்டும் எடுத்துவிட்டு மற்றவற்றை அனுப்பினேன். அவள் கணினியிலிருந்தும் அதை அழித்தேன்.

கருவி போய்விட்டது. ரோஸ்லின் தான் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தாள். “எப்படிப்பா மறந்தேன்? பசங்களோட உழைப்பெல்லாம் போச்சேப்பா,” என்று என் மடியில் விழுந்து அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

“விடும்மா. மனுஷங்கன்னா மறக்கத்தான் செய்வாங்க,” என்று தலையைத் தடவிக் கொடுத்தேன்.

கல்லூரி வேலையை விட்டுவிட்டாள். இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள். தன்மேல் அவளுக்கே நம்பிக்கை இல்லை. “அடுப்பு கேஸ மூடினேனாப்பா?” என்று அடிக்கடி எழுந்து வந்து கேட்கிறாள். மூடியிருக்கிறது என்று சொன்னால் போய்ப் படுக்கிறாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கேட்பாள். பார்க்க நெஞ்சு வலிக்கிறது, ஆனால் வீடு நிறைந்திருக்கிறது.

விசாரிக்க வந்திருக்கும் நீங்கள், அவள் எழுதியதன் நகல் கல்லூரியில் இருப்பதாகவும் அதில் அந்தக் கட்டளை இருப்பதாகவும் சொல்கிறீர்கள். சரி, மறைக்க ஒன்றுமில்லை. நான்தான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். இப்போதுதான் வீட்டோடு இருக்கப் பழகியிருக்கிறாள்.