மணல் சலிக்கிற மீனு

இல்ல தம்பி, மீனு சாவல. நல்லாத்தான் இருக்குது. அதான் சொல்றேன், எடுத்துக்கிட்டுப் போயிருங்க.

உக்காருங்க மொதல்ல. லுக்குட்டுக் கடையிலேருந்து இந்த வெயில்ல மோட்டர்சைக்கிள்ல வந்திருக்கீங்க. பசியாறிட்டீங்களா? அப்ப டீயாவது குடிங்க. சீனி கம்மியாத்தான் போட்டிருக்கேன், வேணும்னா சொல்லுங்க.

என்னா கொறைன்னு கேட்டா என்னாத்த சொல்றது. நீங்களே பாருங்களேன். தொட்டியில மணல் எப்படி இருக்குது? வெள்ளவெளேர்னு, மாவு சலிச்சிக் கொட்டுன மாதிரி. வெளக்கு எரிஞ்சதுலேருந்து இதுக்கு ஒரே வேல. வாய் நெறைய மணல அள்ளுது, மெல்லுது, செவுளு வழியா துப்புது. மறுபடி அள்ளுது. செத்த நேரம் சும்மா நிக்குதா பாருங்க. எங்க எஸ்டேட்டுல இப்படி ஒரு ஆள் இருந்திருந்தா வேல வாங்குற மண்டோர் தூக்கித் தலமேல வெச்சிக்குவாரு. கூட வேல செய்யிறவங்களுக்குத்தான் ஆவாது. எனக்கும் ஆவல.

ஆமா, பவளத்து மேலயும் மணலத் துப்புது. அந்தப் பச்சப் பூ மாதிரி இருக்கே, அது மூடிக்கிட்டே கெடக்குது. கல்லு மேல தூக்கி வெச்சா சரியாப் போயிரும், தெரியும். நான் அதுக்காகக் கூப்பிடல. நத்தைங்களும் வேணாம்னு சொல்லல. நீங்க பத்து குடுத்தீங்க, ஒம்போது இருக்குது, ஒண்ணு எங்கயோ பொதஞ்சிருக்கு. அதுங்க இருந்துட்டுப் போவட்டும். இந்த மீனு மட்டும் வேணாம்.

தொட்டி என்னுது இல்ல தம்பி. ஒங்களுக்குத் தெரியுமே, எம் மவன் டேரனோடது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். அங்க ஒரு ரூம்புல ஆறு பேரு, இத எங்க கொண்டுபோய் வெப்பான். அம்மா, பாத்துக்குங்கன்னுட்டான். பாத்துக்கிறதுன்னா சோறு போடுறதுதான்னு நெனச்சேன். கோழி வளத்திருக்கேன், ஆடு வளத்திருக்கேன், இது என்னா பெருசுன்னு. ஆடு எந்தக் காலத்துலயாவது தரை பழுப்பாயிருச்சின்னு செத்திருக்கா?

மேல பாருங்க, வெள்ளையா, முட்ட மாதிரி. அதான் கேமரா. நேரா மணலத்தான் பாக்குது. அவன் பாத்தான்னா அதுல நீலமா ஒரு வெளக்கு எரியும். அதுலயே பேசவும் பேசுவான். மொத நாளு அது பேசுனப்ப, அடுப்புல கொழம்ப அப்படியே போட்டுட்டு ஓடியாந்தேன். மா, வலது மூலையில பழுப்பு படியுதுன்னான். நல்லாருக்கீங்களா, சாப்டீங்களா, ஒண்ணும் இல்ல. பழுப்பு.

அப்பறம் தெனமும் இதே பாட்டுதான். மா, செவப்பா வழவழன்னு என்னாமோ வருதே, உறிஞ்சி எடுங்க. மா, சோத்தக் கொறச்சிப் போடுங்க, திங்காதது மணல்லதான் ஒக்காருது. ஒழுங்காத்தான் போடுறேன்டா, அளந்துதான் போடுறேன்னா நம்ப மாட்டான். எனக்குப் படிப்பு அஞ்சாவதோட சரி. எதுக்குப் பழுப்பு வருது, எதுக்குச் செவப்பு வருதுன்னு கேட்டா, அவன் பாதிய இங்கிலீசுல சொல்லுவான். நான் குழாய உள்ள விட்டு வாளியில தண்ணி உறிஞ்சிக்கிட்டே கேட்டுக்கிட்டிருப்பேன். அதுலயும், மா, கை மறைக்குது, தள்ளுங்கம்பான். என்னோட கைதான் அவனுக்குத் தெரியும். மூஞ்சி தெரியாது. மூஞ்சியக் காட்டணும்னா நான் தொட்டிக்குள்ள எறங்கணும்.

ஒரு தடவ கட்ட வெரல்ல துணி சுத்தியிருந்தேன். மா, வெரல்ல என்னான்னு கேட்டான். கறி வெட்டறப்ப பட்டுருச்சிப்பான்னேன். அந்தப் பழைய கத்தியத் தூக்கிப் போடுங்க, நான் வர்றப்ப வேற வாங்கியாறேன்னான். அப்பறம் மணலுக்கு வந்துட்டான்.

சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. பக்கத்து வீட்டு புஷ்பவள்ளியும் அப்படித்தான் சிரிச்சா. அகதாக்கா மீனுக்கு வாச கூட்டுறாங்கன்னு மாரியம்மன் கோயில் வரைக்கும் போயிச் சொல்லிட்டா. அவ சொன்னது பொய்யில்ல. நான் பொறந்ததுலேருந்து எஸ்டேட்டு லயத்துல இருந்தவ. காலையில வேலைக்கு ஆளெண்ணுற பெரட்டுக்குப் பேரு குடுக்கப் போறதுக்கு முன்னாடி வாச கூட்டியிருக்கணும். ஒரு எல கெடக்கக் கூடாது, வெளக்கமாத்துக் கோடு தெரியணும். அந்தப் பழக்கம் போவுமா? வெளக்கமாத்துலேருந்து நல்ல ஈக்குச்சியா உருவி, கழுவி, கட்டி, தெனம் காலையில மணலக் கோதி விட்டேன். மேல மட்டும் கோதுனா மறுநாளு பழுப்பு வந்துருது. அதனால அடி வரைக்கும் விட்டுக் கோதுனேன்.

ஆமா, நீங்க மீனு கொண்டாந்த அன்னிக்கே சொன்னீங்க, அடி மணலக் கிண்டவே கூடாதுன்னு. அதுக்கு முன்னாடி எனக்கு யாரு சொன்னா? அடியிலேருந்து கருப்பா வந்துச்சி பாருங்க. நாத்தமா நாறுது. எஸ்டேட்டுல ரப்பர் பாலு ஊத்துற கொட்டகைக்குப் பின்னால காவா ஓடுமே, அதே நாத்தம். மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்துக்கிட்டு நிக்குது.

அன்னிக்கி அவன் வேலைக்கே போவல. பேசிக்கிட்டே இருந்தான். மா, தண்ணியச் சுத்தி விடுற அந்த மோட்டர மேல திருப்புங்க. மா, பாதித் தண்ணிய எடுங்க, அந்த நீல தோம்புல இருக்குற உப்புத் தண்ணிய ஊத்துங்க, மெதுவா. மா, பயப்படாதீங்க, ஒங்க மேல தப்பு இல்ல. உக்காந்துக்கிட்டுச் செய்ங்க, முட்டி வலிக்கப் போவுது. முட்டி வலிக்கிறது அவனுக்கு ஞாபகம் இருக்குது பாருங்க. இருட்டுற வரைக்கும் நீலம் எரிஞ்சிக்கிட்டே இருந்துச்சி. ஒரு மீனும் சாவல.

அதுக்கப்பறந்தான் ஒங்க கடைக்குச் சொல்லி அனுப்புனான். அம்மாவுக்கு வயசாச்சி, இனிமே சூசா குடுத்துக் கஷ்டப்படுத்த வேணாம், மணல் சலிக்கிற மீனா நல்லதா ஒண்ண விட்டுட்டு வாங்கன்னு சொன்னானாமே. நல்ல மனசுதான். அவன நான் கொற சொல்ல மாட்டேன். ஒங்களையும் சொல்லல. நீங்க நல்ல மீனாத்தான் பாத்துக் கொண்டாந்தீங்க. கொஞ்சம் சோம்பேறியாக் கொண்டாந்திருக்கலாம்.

நானும் பாத்தேன் தம்பி. சோத்தக் கூடப் போட்டுப் பாத்தேன். வலது மூலையில, கேமரா நல்லா பாக்குற எடத்துல, ரெண்டு பங்கு போட்டேன். அதையும் தின்னுட்டு எப்படிக் கொழுத்திருக்குது பாருங்க. வெளக்கக் கூட நேரம் எரிய விட்டேன், பழுப்பு வரும்னு. வர விடுதா அது? நான் காலையில எந்திரிச்சி வர்றதுக்குள்ள கூட்டி முடிச்சிருது.

ஏனா? என்னா ஏனு. நீங்க மீன விட்டுட்டுப் போனப்பறம் ஒரு தடவ பேசுனான். சூப்பர் மா, மணல் அழகா இருக்கு, இனிமே ஒங்களுக்கு வேலையே இல்லன்னான். அதான். அதுக்கப்பறம் நீலம் எரியல.

நானே கூப்பிடலாம்தான். ஒரு வாட்டி கூப்பிட்டேன். நல்லாருக்கியாப்பா, நல்லாருக்கேன்மா. சாப்டியா, சாப்டேன். மணல்? நல்லாருக்கு மா, பாத்தேன். அவ்வளவுதான், முடிஞ்சிபோச்சி. வெளியில தள்ளி நின்னு பேசுறான், வேல எடம், சத்தமா இருக்குது. அதுக்கு மேல எனக்கு என்னா பேசுறதுன்னு தெரியல. அவனுக்கும் தெரியல.

அவன் கேட்டா நீங்க சொல்லிக்குங்க, மீனு பவளத்தக் கெடுக்குதுன்னு. பொய்யில்லயே, மணலத் துப்புதுல்ல. நான் கோயிலுக்குப் போறவ, மீனு குதிச்சிருச்சின்னெல்லாம் என்னால சொல்ல முடியாது. மணலு பழுப்பாவ எத்தன நாளு புடிக்கும்? ஒரு வாரம் போதுமா? சரி, பரவால்ல.

டப்பா கொண்டாந்திருக்கீங்கல்ல, தண்ணி மோந்து வெச்சிக்குங்க. இருங்க இருங்க, நீங்க கைய விடாதீங்க. வலைய இங்க குடுங்க, நான் புடிக்கிறேன். அந்த ஸ்டூல இப்படிப் போடுங்க. நீங்க அங்க நின்னு மேல பாத்துக்கிட்டிருங்க, நீலம் எரிஞ்சா சொல்லுங்க. நான் மெதுவாத்தான் புடிப்பேன்.