மணல்மேட்டுப் பள்ளிக்குப் போன மூட்டைகள்

சும்மா நிற்கிற இயந்திரத்தைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். சிலருக்குக் கரப்பான் பூச்சி, எனக்கு இது. த்ருஹியோ நகரில் எங்கள் தீவன ஆலையில் அரைக்க ஒன்று, கலக்க ஒன்று, மூட்டை கட்ட ஒன்று. எந்தச் சரக்கு எதில் எப்போது ஏற வேண்டும் என்று வரிசை போடுவதுதான் என் வேலை. ஒன்று நின்றால் அடுத்ததும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

பன்றித் தீவனத்தில் மருந்து கலப்போம், மனிதருக்கு ஆகாத மருந்து. அதே இயந்திரத்தில்தான் பள்ளிப் பிள்ளைகளின் கஞ்சி மாவையும் கலப்போம். நடுவே சோளத் தவிட்டை ஓட்டுவது வழக்கம். ஒட்டியிருக்கும் மருந்தை அது வழித்துக்கொண்டு வரும், குப்பையில் கொட்டிவிடுவோம். அதற்குள் அரை நாள் போய்விடும். தவிட்டை வரிசையிலிருந்து எடுத்துவிட்டேன்.

கலவை இயந்திரத்தைத் துப்புரவு செய்யும் எர்மெலிந்தா வந்து நின்றாள். அவள் மேல் எப்போதும் தீவன நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அவள் சொன்னதைக் கேட்டேன்.

"தவிடு ஓட்டாம கஞ்சி மாவு போடச் சொல்றீங்களாமே, இன்ஜினியரய்யா? புள்ளைங்க குடிக்கிறதுய்யா."

"முதல்ல வர்ற மாவே வழிச்சுக்கிட்டு வந்துடும். நீ போய்க் கையைக் கழுவு."

"அந்த மாவு யார் வயித்துக்குப் போகும்? உங்க வீட்ல காய்ச்சிக் குடிப்பீங்களா?"

இவளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? மூட்டைகள் போகும் வரிசையும் என் கையில்தான். முதலில் வந்தவற்றை மணல்மேட்டுக் குடியிருப்புப் பள்ளிக்கு ஏற்றினேன். அங்கே லாரித் தண்ணீர், ஈ, சேறு. பிள்ளைகளுக்கு எந்நேரமும் வயிற்றுப்போக்கு. இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் போனால் யார் கவனிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். எர்மெலிந்தாவின் மகன் அங்கேதான் படிக்கிறான் என்பதும் தெரியும். படித்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரிக்கும் போனேன். தாழ்வாரம் முழுக்க வாந்தி. பிள்ளைகளை அதன் மேலேயே கிடத்தியிருந்தார்கள், சீ. எர்மெலிந்தா அதே நாறும் கையால் என் சட்டையைப் பிடித்து, "சொன்னேனேய்யா, சொன்னேனே" என்றாள். சட்டையை வீட்டுக்கு வந்ததும் எரித்துவிட்டேன்.

என்னை ஈவிரக்கமில்லாதவன் என்கிறீர்கள். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், ஐயா. பிள்ளைகள் விஷயத்தில் நான் எவ்வளவு கவனமானவன் என்று அவள் பள்ளியில் கேட்டுப் பாருங்கள். அந்தப் பள்ளிக்கு உரிய மாவைக் கடைசியாக ஓட்டினேன், ஒரு பிள்ளைக்கும் தலைவலிகூட வரவில்லை.