மீனம்பாள் உசுரோடதான் இருக்கா

இல்ல சார், கொஞ்சம் இந்தப் பக்கமா திரும்பி ஒக்காருங்க. அந்த நீலச் சட்டக்காரரு போவட்டும். அவரு எங்க தொண்டூரு ஆளு. தாலுக்கா ஆபீஸ் வாசல்ல நான் உங்க கிட்ட மனு எழுதிக்க ஒக்காந்திருக்கறத பாத்தாருன்னா சாயங்காலத்துக்குள்ள ஊரு பூரா தெரிஞ்சிடும். தோ, டீக்கடைக்குள்ள போயிட்டாரு. இப்ப சொல்றேன்.

பேரா? மீனம்பாள். வூட்டுக்காரரு பேரு ஆதிமூலம். ஆமா சார், உங்க கையில இருக்கற அந்த சர்டிபிகேட்டுல இருக்கற பேருதான். நீங்க சரியாத்தான் படிச்சிருக்கீங்க, அது இறப்பு சர்டிபிகேட்டுதான். செத்துட்டதா போட்டிருக்கறது என்னைத்தான். ரெண்டு வருஷம் ஆவுது. அப்படிப் பாக்காதீங்க சார், நான் பேய் இல்ல. பயமெல்லாம் எனக்குத்தான்.

ஆபீஸ்ல தப்பா போட்டுட்டாங்களான்னா, இல்ல சார். அவங்க மேல தப்பு இல்ல. நாங்கதான் அப்படிப் போட வெச்சோம். அதான் பயமே. நான் உசுரோட இருக்கேன்னு எழுதிக் குடுத்தா, அப்ப செத்தது யாருன்னு கேப்பாங்க இல்ல? போலீசு வரும் இல்ல? பொணத்த வாங்கினப்ப எங்க வூட்டுக்காரரு கையெழுத்துப் போட்டிருக்காரு. எங்க பொண்ணு அனு பன்னண்டாவது படிக்குது. அம்மாவும் அப்பாவும் ஜெயிலுக்குப் போயிட்டா அது கதி இன்னா சார்? இதுக்கு முன்னாடி மூணு தபா பஸ் ஏறி வந்தேன். இந்த கேட்டு வரைக்கும் வருவேன். மலமேல இருக்கற கோட்டையப் பாக்க வந்தவ மாதிரி அந்த ரோட்டுல கொஞ்ச தூரம் நடந்துட்டு, அடுத்த பஸ்ஸப் புடிச்சு வூட்டுக்குப் போயிடுவேன்.

செத்தது என் தங்கச்சி சார். ரஞ்சிதம். என்னவிட ஒன்றர வருஷம் சின்னவ. ஊருல எல்லாருக்கும் தெரியும், ரஞ்சிதம்தான் போயிட்டான்னு. பேப்பர்லதான் நான் போயிட்டேன்.

அவளும் அவ வூட்டுக்காரன் செல்லப்பனும் செங்கல் சூளையில கெடந்தாங்க. ரேஷன் கடையில எல்லாரும் வந்து கைரேக வைங்கன்னப்ப சூளக்காரன் லீவு குடுக்கல. திரும்பி வந்து பாத்தா கார்டே போயிட்டுது. ரேஷன் கார்டு இல்லன்னா இன்சூரன்ஸ் கார்டும் இல்ல. அந்த நேரம் பாத்துதான் அவளுக்குப் பித்தப்பையில கல்லு. சுருண்டு சுருண்டு வுழுந்தா. ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடனோம். பேரு வேணாம் சார், அத எழுதாதீங்க. ஒடனே ஆபரேஷன் பண்ணணும், கார்டு இருக்குதான்னாங்க. எங்க வூட்டுக்காரரு என் மூஞ்சியப் பாத்தாரு. நான் பையில இருந்து என் கார்ட எடுத்துக் குடுத்தேன்.

எப்படிக் குடுத்தேன்னு கேக்கறீங்க. உங்களுக்கு எங்க தெருவத் தெரியாது சார். அங்க ஒருத்தி கிட்ட நல்ல பட்டுப்புடவ இருந்தா அது தெருவுக்கே பட்டுப்புடவ. இந்த வாரம் கல்யாணத்துக்கு நான் கட்டிக்கினு போனேன்னா, அடுத்த வாரம் அத சுத்திக்கினு வேறொருத்தி பொண்ணு பாக்க வர்றவங்க முன்னாடி நிப்பா. ஓடிபி வர்றதுக்கு ஆறு வூட்டுக்கும் ஒரே போனு. அது எதிர் வூட்டு அரிகிருஷ்ணன் போனு. அவன் கொல்லையில மல்லாட்டக் கடல புடுங்கப் போயிட்டா ஆறு வூட்டு வேலையும் நின்னுடும். சிலிண்டரு என் பேருல வரும், எரியறது பக்கத்து வூட்டுல. நூறு நாள் வேலையில ஒருத்திக்கு முடியலன்னா, இன்னொருத்தி முக்காடு போட்டுக்கினு அவளா நிப்பா. இருக்கப்பட்டவங்க ஆளுக்கு ஒண்ணு வெச்சிருப்பாங்க சார். எங்களுக்கு எது கெடச்சாலும் ஒண்ணுதான் கெடைக்கும், அத சுத்த வுட்டுத்தான் காலத்த ஓட்டறோம். அந்தப் புடவைய எடுத்துக் குடுக்கற மாதிரிதான் என் பேரையும் எடுத்துக் குடுத்துட்டேன். அது குத்தம்னு அந்த நேரத்துல தோணவே இல்ல.

கைரேகையா? மல்லாட்ட ஒடச்சு ஒடச்சு எங்க வெரல்ல இன்னா ரேக இருக்குது, மிஷினு எடுக்கவே இல்ல. போட்டோவப் பாத்தாங்க, அவளப் பாத்தாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி. சரின்னு படுக்க வெச்சுட்டாங்க. அவ மீனம்பாளா படுத்திருந்தா, நான் ரஞ்சிதமா பக்கத்துல ஒக்காந்திருந்தேன். நர்சம்மா மீனம்பாள்னு கூப்புட்டா எனக்கு ஆங்ன்னு வாய் வரைக்கும் வந்துடும். தொடையக் கிள்ளிக்கினு கம்முனு இருப்பேன். அந்த வலியிலயும் அவ சிரிக்கிறா சார். அக்கா, உன் பேருக்கு ஃபேனுக்கு நேர் கீழ கட்டில் குடுத்திருக்காங்க பாருன்னா.

மறுநாள் காலையில உள்ள கூட்டிக்கினு போனாங்க. மத்தியானம் வெளிய வந்து, மீனம்பாளுக்கு யாரு வந்திருக்கீங்கன்னு டாக்டரே கேட்டாரு. அவரு கேட்ட வெதத்துலயே எனக்கு வெளங்கிடுச்சு.

அழக்கூட வுடல சார். ஐயோ ரஞ்சிதம்னு வாய தொறந்தேன், எங்க வூட்டுக்காரரு என் வாயப் பொத்திட்டாரு. ஆஸ்பத்திரி வாசல் தாண்டறவரைக்கும் என் பேரச் சொல்லி நானே அழுதேன். 

பதினாறாம் நாள் காரியம் முடியறதுக்குள்ள ரேஷன்ல என் பேர எடுத்துட்டாங்க. மாசாமாசம் வந்த உரிமைத் தொகையும் நின்னுடுச்சு. போவட்டும்னு வுட்டுட்டோம். வாயத் தொறந்தா மாட்டிக்குவோமே. அதிகாரிங்க ஜீப்பு தெருவுல வந்தா நான் மல்லாட்டக் கொல்லைக்குள்ள போயிடுவேன். செத்தவளாவே இருக்கப் பழகிட்டேன் சார், நெசமாத்தான் சொல்றேன்.

இப்ப ஏன் வந்தேன்னா, சொல்லக் கூச்சமா இருக்குது. நீங்க எங்க அண்ணன் மாதிரி. மார்ல ஒரு கட்டி. போன மாசம் ஊருல கேம்ப் போட்டாங்க, அங்க ஒரு டாக்டரம்மா தொட்டுப் பாத்துட்டு, இத தள்ளிப்போடாத, ஒடனே டெஸ்ட் எடுக்கணும், ஆபரேஷன் பண்ற மாதிரி இருக்கும்னாங்க. ஆதாரு, கார்டு எல்லாம் எடுத்துக்கினு வான்னாங்க. நான் எதை எடுத்துக்கினு போறது? ராத்திரி படுத்தா கை தானா அங்கதான் போவுது. பெருசாவுற மாதிரியே இருக்குது. அனுவ நெனச்சா தூக்கமே வர்றதில்ல. நெசமாவே செத்துடுவேனோன்னு பயமா இருக்குது சார்.

எதை எடுத்துக்கினு போறதுன்னு செல்லப்பன்தான் ஒரு வழி சொன்னான். இப்ப அவனுக்குப் புது இன்சூரன்ஸ் கார்டு வந்துட்டுது. ரஞ்சிதம் பேரும் அதுல இருக்குது, பேப்பர்ல அவ சாவல இல்ல. போன ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வந்து, அந்தக் கார்ட என் முன்னாடி வெச்சான். அக்கா, அன்னிக்கு நீ அவளுக்குக் குடுத்த, இப்ப அவ உனக்குக் குடுக்கறா, அவ பேருல போயி வைத்தியம் பாத்துக்கன்னான். நல்ல மனசு சார் அவனுக்கு. எங்க வூட்டுக்காரரும் சரின்றாரு. ஊருல எல்லாரும் அதையேதான் சொல்றாங்க.

நீங்களும் அதையே சொல்றீங்களே சார். வேணாம். நான் அவ பேருல போயி படுக்க மாட்டேன். அந்தக் கார்ட அவன் பக்கமே தள்ளி வெச்சுட்டேன். ஏன்னா கத்தி வெக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேப்பாங்க சார். அன்னிக்கும் கேட்டாங்க. அவ வலிக்குப் போட்ட மருந்துல கண்ணு சொருகிக் கெடந்தா. நர்சம்மா கம்ப்யூட்டரப் பாத்துக்கினே, ஏம்மா, இந்த மீனம்பாளுக்கு எந்த ஊசியாச்சும் ஒத்துக்காதான்னு என்னக் கேட்டாங்க.

ரஞ்சிதத்துக்கு ஒரு ஊசி ஒத்துக்காது சார். சின்ன வயசுல வல்லத்துல ஒரு டாக்டரு காய்ச்சலுக்குப் போட்டு, மூஞ்சி வீங்கி, மூச்சு அடைச்சு, பொழச்சதே பெருசு. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மொதல்ல இதச் சொல்லுங்கடின்னு எங்க நைனா சாவறவரைக்கும் சொல்லிக்கினே இருந்தாரு. எனக்கு மறக்கல. நல்லா ஞாபகம் இருந்துது. ஆனா அதுக்கு முந்தின வருஷம் டெங்குன்னு நான் அதே ஆஸ்பத்திரியில ஒரு வாரம் படுத்திருந்தேன். எனக்கு எல்லா ஊசியும் போட்டாங்க. அதெல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குமே, இப்ப ஒத்துக்காதுன்னு சொன்னா ஆளு மாத்தினது தெரிஞ்சிடுமேன்னு பயந்துட்டேன். ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் ஒத்துக்கும்னு சொன்னேன். அவங்க எழுதிக்கினாங்க.

டாக்டரு இன்னாவோ பிரஷரு எறங்கிட்டுதுன்னாரு. ஆனா துணிய வெலக்கிக் காட்டனப்ப மூஞ்சி வீங்கி இருந்துது சார். அந்த வீக்கம் எனக்குத் தெரியும்.

செல்லப்பனுக்கு இது தெரியாது. எங்க வூட்டுக்காரருக்கும் சொல்லல. இத மனுவுல மேலயே எழுதணுமா சார், இல்ல கடைசியில எழுதினா போதுமா?